படுவான்கரைக்குப் போன வண்டிகள்

பெரியநீலாவணைக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் தரை. அதை நீளவாக்கில் பிளந்துகொண்டு கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பெரிய ரோட்டு. அம்பாறை மாவட்டத்தின் வடக்கு எல்லையில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் ஊர் இது. தெற்கே கொஞ்சம் நடந்தால் மருதமுனை. வடக்கே நடந்தால் பெரியகல்லாறு, மாவட்டமே மாறிவிடும். கரைவலைத் தோணியையும் கருவாட்டுப் பாயையும் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர் ஒருவர் இதை மீன்பிடிக் கிராமம் என்று எழுதிக்கொண்டு போனால் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஊரின் வரவு செலவு நெடுங்காலம் ஓடியது நெல்லை வைத்துத்தான். மகளுக்கு எந்த மாதத்தில் கல்யாணம், கடைக்கடனை எப்போது அடைப்பது, பெருநாளைக்கு வீட்டில் எத்தனை பேருக்குப் புதுச்சாரம் என்று எதைக் கேட்டாலும், "வேளாண்மை வெட்டட்டும், மறுகா பாப்பம்" என்ற பதில்தான் வரும்.

அந்த வேளாண்மை கண்ணெட்டும் தூரத்தில் இல்லை என்பதுதான் இந்தக் கரையோர ஊர்களின் விசேஷம். வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. வீடு, பள்ளிவாசல், கோயில், சந்தை எல்லாம் எழுவான்கரையில். வயல்களில் பெரும்பகுதி தண்ணீருக்கு அப்பால், நாவிதன்வெளி, அன்னமலை, சவளக்கடை, சொறிக்கல்முனை, மண்டூர் என்று நீளும் வெளிகளில். கல்முனையிலிருந்து அந்தப் பக்கம் போகக் கிட்டங்கி வழி. இன்றைக்கும் மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலே ஏறினால் இரண்டு கரைக்கும் போக்குவரத்து நின்றுபோகிறது. வடக்கே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்களுக்குப் படகுப்பாதை. வயலுக்குப் போவது என்றால் ஊரை விட்டே போவதுதான்.

ஆகவே புரட்டாதி, ஐப்பசியில் வண்டி கட்டினால் அது காலையில் போய் மாலையில் திரும்பும் காரியம் அல்ல. அரிசி, உப்பு, தேங்காய், மிளகாய்த்தூள், கருவாடு, வெற்றிலை, பாக்கு, புகையிலை, பாய், மண்ணெண்ணெய்ப் போத்தல், எல்லாவற்றுக்கும் அடியில் விதைநெல் மூட்டை. அரிக்கன் லாம்பை வண்டிக்குள் வைக்க மாட்டார்கள். வண்டிக்குக் கீழே கட்டித் தொங்கவிடுவார்கள். "சிமினி கவனம் மனே" என்று உம்மாவோ பெத்தம்மாவோ கடப்படியில் நின்று இரண்டாம் முறை சொல்லும்போது மாடு நடக்கத் தொடங்கியிருக்கும். போகிறவர் கிழமைக்கணக்கில் வயல் குடிலான வாடியில் தங்குவார். இடையில் ஒருநாள் சைக்கிளில் யாராவது வந்து, தயிர் முட்டியையும் ஆற்று மீனையும் வீட்டில் கொடுத்துவிட்டு, பொயிலை முடிந்துவிட்டதாம் என்று செய்தி சொல்லிப் போவார்.

வயலுக்கு என்று ஒரு படிக்கட்டு உண்டு. மேலே போடியார், நிலக்காரர். அவருக்காக வேலையைக் கொண்டு நடத்துகிறவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழே வயற்காரர். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடவும் வரம்புச் சண்டையைத் தீர்க்கவும் வட்டைக்கு, அதாவது ஒரு வயல்வெளிக்கு, ஒரு விதானை. நாற்று நடுவது இங்கே வழக்கமில்லை. உழுது, சேற்றை மட்டப்படுத்தி, முளைவிட்ட நெல்லைக் கையால் வீசுவார்கள். அந்த வீச்சு ஒரே சீராக விழ வேண்டும். விதைத்து இரண்டு கிழமையில் பயிர் திட்டுத்திட்டாக எழும்பினால் விதைத்தவன் பெயர் அந்தப் போகம் முழுக்க வட்டையில் அடிபடும். அதன் பிறகு வரம்பில் நீர் விடும் வக்கடையைத் திறந்து அடைத்து நீரை அளவு பார்ப்பது, களை பிடுங்குவது, காலில் ஏறும் அட்டையைப் பிய்த்தெறிவது. பயிர் கதிராகிவிட்டால் காவல். பகலில் குருவி, இரவில் பன்றி, எப்போதாவது யானை. பரணில் இருக்கிறவன் தகரம் தட்டிக் கூவுவான். பக்கத்துப் பரணிலிருந்து பதில் கூவல் வரும். தூக்கத்தை விரட்டப் பாடிய கவிகள் பல அப்படிப் பிறந்தவை என்று நாட்டார் பாடல் சேகரித்தவர்கள் சொல்வார்கள். நம்பலாம். நடுச்சாமத்தில் தகரத்தை மட்டும் தட்டிக்கொண்டு ஒருவன் எத்தனை மணி நேரம் இருப்பான்?

இந்த ஒழுங்கைப் புரட்டிப்போட்டது 1949இல் இங்கினியாகலையில் தொடங்கிய கல்லோயாத் திட்டம். தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றை மறித்து, முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரில், சமுத்திரம் என்றே அழைக்கப்படும் நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பனியின் இயந்திரங்கள் காட்டுக்குள் இறங்கின. மழையையும் சிறு குளங்களையும் நம்பி ஒரு போகம் செய்தவர்களுக்குக் கோடைப் போகமும் கைக்கு வந்தது. 1950களின் கடைசியில் எச் 4 என்ற புதிய நெல் வந்து சீனட்டி போன்ற பழைய நெற்களை மெல்ல ஓரங்கட்டியது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அதே திட்டம் மேல்பகுதியில் சிங்களக் குடியேற்றங்களைக் கொண்டுவந்தது; 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் இனக்கலவரம் வெடித்தது; 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஒரு துறைநீலாவணைக்காரரும் ஒரு பெரியநீலாவணைக்காரரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு வெவ்வேறு மாவட்டக் கச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று.

தண்ணீருக்கு மேல்கை, கீழ்கை என்று ஒன்று எப்போதும் உண்டு. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகள், வால்பகுதியில் தமிழர் என்று பல இடங்களில் அமைந்தது. மேலே இருப்பவன் வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சுவது கீழே வரும். சில போகங்களில் ஒன்றுமே வராது. 1981 கோடையில் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்த வருஷம் கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, இளைஞர்களை விவசாயிகளோடு வயலிலேயே தங்கவைத்து வாய்க்கால் குழுக்களை உருவாக்கின. மேலே இருந்தவர்கள் தங்கள் முறையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துக் கீழே தண்ணீர் அனுப்பினார்கள். அதைப் பற்றி நோர்மன் அப்ஹோஃப் என்ற பேராசிரியர் 1992இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நாட்டின் மற்ற எல்லாச் செய்திகளும் வேறு திசையில் போய்க்கொண்டிருந்த காலத்தில் இப்படியும் ஒன்று நடந்தது என்பதை இந்தப் பக்கத்தில் பலர் அறிய மாட்டார்கள்.

வெட்டுக் காலம்தான் ஊர் முழுக்க நினைவில் வைத்திருப்பது. மாரி வேளாண்மை மாசி, பங்குனியில் விளையும். வெட்டிய கதிரை உப்பட்டி உப்பட்டியாகப் பரப்பிக் காயவிட்டு, கட்டிச் சுமந்து களவெட்டி என்னும் நெற்களத்துக்குக் கொண்டுவந்து சூடு, அதாவது கதிர்ப்போர், வைப்பார்கள். சூடு வைப்பது எல்லாருக்கும் கைவராது. கதிர் உள்ளே, தாள் வெளியே. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. நல்ல சூடு நாள்கணக்கில் நனையாமல் நிற்கும். ஆள், மாடு, காலநிலை மூன்றும் ஒத்துவந்த இரவில் சூட்டைத் தள்ளிப் பரப்பி, எருமைகளைப் பிணைத்து மிதிக்க விடுவார்கள். மாட்டின் பின்னால் சுற்றுகிறவனின் குரல் பொலி, பொலி என்று நிலவு சாயும் வரை கேட்கும்.

களவெட்டிக்குள் செருப்போடு போகக் கூடாது. கண்டபடி பேசவும் கூடாது. நெல்லுக்கு அங்கே பொலி என்றுதான் பெயர், வைக்கோலுக்குப் பொலிக்கொடி. மாட்டுக்கும் சுளகுக்கும் சாக்குக்கும்கூட வேறு பெயர்கள் இருந்தன. வழக்கமான பெயரைச் சொன்னால் பூதம் கேட்டுவிடும், கேட்டால் பொலியை வாரிக்கொண்டு போய்விடும் என்பது பயம். வி. சீ. கந்தையா போன்றவர்கள் மட்டக்களப்பின் பழைய வழக்கங்களை எழுதிவைத்திருக்காவிட்டால் இதில் பாதி இந்நேரம் மறந்துபோயிருக்கும். கவனிக்க வேண்டியது, இந்த மரபு கோயிலுக்குப் போகிறவருக்கு ஒன்று, பள்ளிவாசலுக்குப் போகிறவருக்கு ஒன்று என்று இருக்கவில்லை. ஒருவர் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்குவார், மற்றவர் பிஸ்மி சொல்லித் தொடங்குவார்; பூதத்தை ஏய்ப்பதில் இருவரும் ஒரு கட்சி.

தூற்றுவதற்கு அவுரி என்ற முக்காலி. அதன்மேல் ஏறி நின்று, காற்று வீசும் பக்கம் பார்த்துச் சுளகிலிருந்து சரிப்பார்கள். பதர் பறக்கும், நெல் காலடியில் குவியும். குவிந்ததை மரைக்காலால் அளக்கும்போதே பங்கு தொடங்கிவிடும். கூலி நெல்லாகவே போகும். கோயிலுக்கு ஒரு பங்கு, ஊர்த் தொழிலாளிகளுக்கு ஒரு பங்கு. முஸ்லிம் விவசாயி விளைச்சல் ஸகாத்தை அங்கேயே கணக்குப் பார்ப்பார்: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒன்று. கதிர் பொறுக்க வரும் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் வயலைச் சுற்றி நிற்பார்கள். அவர்களுக்கென்று கொஞ்சத்தைச் சிந்தவிடும் வயற்காரனும் இருந்தான். விரட்டுகிற முல்லைக்காரனும் இருந்தான்.

நெல் வண்டி ஊருக்குள் வந்த பிறகு அது பெண்களின் கணக்கு. இந்தக் கரையில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் குடி தாய்வழியாகத்தான் வரும். வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தக் குடி முறையைத்தான் பல வருஷங்கள் துருவித் துருவிக் கேட்டு எழுதினார். ஆண்கள் மாதக்கணக்கில் படுவான்கரையில் கிடந்த ஊரில் வீடும் வளவும் பெண்களின் பேரில் இருந்தது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று யோசித்தால் புரியும். நெல் சேமிக்கும் பட்டறையில் இருப்பது அடுத்த வெட்டு வரை தாங்குமா, எத்தனை மூட்டையை விற்கலாம், எந்த மூட்டையை அவிப்பது, யாருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வரவில்லை என்பது அவர்களுக்கு மனப்பாடம். பெரிய அண்டாவில் நெல் அவியும் நாளில் அந்த வாசனை தெரு முழுக்க நிற்கும். காயப் போட்ட பாயைக் கோழியிடமிருந்து காக்கும் வேலை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுடையது. புது அரிசியில் தமிழ் வீடுகளில் புக்கை என்னும் பொங்கல். முஸ்லிம் வீடுகளில் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்த பாச்சோறு, வட்டையில் எல்லாருமாகக் கூடி ஆக்கும் கந்தூரி. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி. அறுவடைக் காசு புழங்கும் அந்த மாதங்களில்தான் மருதமுனைத் தறிகளுக்கும் நல்ல ஓட்டம். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்த சாரத்தை உடுத்தவனும் உழவன்தான்.

இத்தனையையும் கவிதையில் கொண்டுவந்தவர் அதே ஊர்க்காரர். கேசகப்பிள்ளை சின்னத்துரை 1931இல் பெரியநீலாவணையில் பிறந்தார். ஊர்ப் பெயரையே எடுத்து நீலாவணன் ஆனார். வாத்தியார் வேலை. மஹாகவி, முருகையன் ஆகியோரோடு சேர்த்து ஈழத்து நவீன கவிதையின் மூவர் என்று சொல்லப்படுபவர். கல்முனைத் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 'பாடும்மீன்' என்று இதழ் நடத்தினார். கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையின் மருதூர்க் கொத்தன், மருதூர்க்கனி என்று சில மைல் நீளக் கடற்கரையில் அக்காலத்தில் எழுதியவர்களை எண்ணினால், இந்த மணலில் என்ன உரம் இருந்தது என்று கேட்கத் தோன்றும். நீலாவணனின் பெரிய முயற்சி 'வேளாண்மை' என்ற காவியம். அரசர் இல்லை, போர் இல்லை. மட்டக்களப்பு உழவர் குடும்பங்களின் வாழ்வை அவர்கள் பேச்சையே கொண்டு செய்யுளில் கட்டினார். 1975 ஜனவரியில், 43 வயதில் அவர் இறந்தபோது அது நூலாகியிருக்கவில்லை. மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் முயற்சியால் 1982இல் அச்சில் வந்தது. இந்தப் பகுதியின் சாப்பாடு, சடங்கு, சண்டை, சம்பந்தம் பேசும் முறை எதையாவது தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஆய்வு நூல்களுக்கு முன்னால் அதைப் படிப்பது நல்லது.

கிராமத்து நினைவுகளை எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய வயல் யாருக்கு இனிக்கிறது? போடியாரின் பேரப்பிள்ளைக்கு இனிக்கும். விடுமுறைக்கு வாடிக்குப் போய்த் தயிரும் சோறும் தின்று, பரணில் ஏறி இறங்கி வந்தவர் அவர். வயற்காரனின் பேரனைக் கேட்டால் கதை வேறு. சேற்றுப்புண், கொசு, காய்ச்சல், வெட்டு முடிந்து கணக்குப் பார்த்தால் வாங்கிய கடனுக்கே நெல் போதாத வருஷங்கள், வெட்டுக் காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வரவு இல்லாமல் பின்வாங்கிலேயே நின்றுபோன படிப்பு. அந்த வீட்டுப் பிள்ளைகள் 1980களில் சவூதிக்கும் கட்டாருக்கும் விமானம் ஏறியபோது யாரும் களவெட்டியை நினைத்து அழுதிருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து இழந்தது ஒன்று உண்டு: ஒரே வேலைக்காக ஒரே இடத்தில் முப்பது பேர் பல இரவுகள் கூடியிருந்தது. சம்பளம் குறைவு, பேச்சு அதிகம்.

இடையில் வந்துபோனவை பல. 1978 நவம்பர் 23 சூறாவளி தென்னைகளை முறித்து அடுக்கியது. இன்றும் இங்கே வயது கேட்டால் சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்று கணக்குப் பார்க்கும் முதியவர்கள் உண்டு. 1990க்குப் பிறகு போர் வயல்களுக்குக் குறுக்கே நின்றது. முஸ்லிம்களால் போக முடியாத வெளிகள், தமிழரால் போக முடியாத வெளிகள் என்று படுவான்கரை கூறுபட்டது. சொந்தக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கிடைத்ததை வாங்கியவர்களும், கிடைக்காமலே போனவர்களும் இரண்டு பக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26, மாரிப் பயிர் வயலில் நிற்கும்போது, கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரத் தெருக்கள் அப்படியே போயின. பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் பெரியநீலாவணைக்குத் தொடர்மாடியும் கிடைத்தது. மூன்றாம் மாடியில் அண்டா வைத்து நெல் அவிக்க முடியாது, பாய் விரிக்க முற்றம் கிடையாது. திட்டம் வரைந்தவர்கள் யாரும் அதை யோசித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

களவெட்டியை ஒழித்தது போரோ கடலோ அல்ல, மெசின். முதலில் எருமைக்குப் பதிலாக டிரக்டர் சூட்டின்மேல் சுற்றியது. பொலி பாட ஆள் தேவைப்படவில்லை, டிரைவருக்குத் தேத்தண்ணி கொடுத்தால் போதும். பிறகு வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லை மட்டும் கொட்டும் பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்தன. முன்பு வாரக்கணக்கில் இழுத்த வேலை இப்போது காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடையில் முடிகிறது. உரம், கிருமிநாசினி, டீசல், இயந்திர வாடகை என்று காசு முன்னால் போக வேண்டும். 2021இல் அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது கரையோரம் முழுக்க விவசாயிகள் வீதிக்கு இறங்கினார்கள். அந்த மாரியில் பயிர் மஞ்சளாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்கும். நவம்பரில் தடை தளர்ந்தது, அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டிருந்தது.

வெட்டிய வயலுக்கு இப்போது வருவது யானை. வைக்கோலையும் சிந்திய நெல்லையும் தேடிச் சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கங்களில் கூட்டமாக இறங்கும்; பார்க்க ஊரே பைக்கில் திரளும், கொஞ்சம் கிட்டப் போய்விட்டு ஓடிவரும். அதற்கும் முன்னால் வந்து வரம்பில் நிற்பது லொறி. இயந்திரம் கொட்டும் நெல் ஈரமாக இருக்கும். ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு என்று வியாபாரி சொல்வார், விவசாயி மறுப்பார், கடைசியில் வியாபாரி சொன்ன கணக்கிலேயே மூட்டை ஏறும். காய வைத்து விற்கலாம் என்று பொறுக்கிறவர்கள் பெரிய ரோட்டின் ஓரத்தில் நெல்லைப் பரப்பி, கல்லையும் மரக்கொப்பையும் வைத்து வாகனங்களுக்கு வழிமறிப்பார்கள். பட்டறை உள்ள வீடு இனித் தேடித்தான் பார்க்க வேண்டும். லொறியில் ஏறிய நெல் பொலன்னறுவைப் பக்கத்து ஆலைகள் வரை போய் அரிசியாகிறது. மாதக் கடைசியில் அதே விவசாயி கல்முனைச் சந்தையில் ஐந்து கிலோப் பை ஒன்றைத் தூக்கிப் புரட்டி, விலையைப் பார்த்து, "என்ன காக்கா, போன கிழமையும் இந்த விலையா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்கிறார்.